சதுரங்கப்பட்டினமும் ஒரு கால்வாயும்

சரித்திரப் புத்தகத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஓர் ஊர் தலைநகரமாக இருந்திருக்க வேண்டும். அல்லது அங்கே ஒரு பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டு பாக்கியமும் இல்லாத ஊர்களைச் சரித்திர ஆசிரியர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. சதுரங்கப்பட்டினம் தலைநகரமாக இருந்ததில்லை. அதன் பெயரால் ஒரு சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் அது நடந்தது நடுக்கடலில். சண்டை போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும். ஊரார் கரையில் நின்று பீரங்கிச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அங்கிருந்து தெற்கே பத்துப் பதினைந்து கிலோ மீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம் வந்துவிடும். அத்தனை தூரம் போகிறவர்கள் சொற்பம். பக்கத்திலிருக்கும் கல்பாக்கத்தில் 1983-ல் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, இந்த வட்டாரம் முழுவதற்கும் கல்பாக்கம் என்பதே பெயராகிவிட்டது. பெரிய வீட்டுக்குப் பக்கத்துக் குடிசையைப் போலச் சதுரங்கப்பட்டினம் அடங்கி ஒடுங்கி நிற்கிறது.

கிழக்கே கடல். மேற்கே ஒரு கால்வாய். இரண்டுக்கும் நடுவே மணலும் தென்னையும் சவுக்கும் சில தெருக்களும் ஒரு குப்பமும். அந்தக் கால்வாய்க்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். சென்னைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்களே, அதே கால்வாய்தான். நகரத்தை விட்டு வெகு தூரம் தள்ளி வந்த பிறகு அதன் முகமே வேறாக இருக்கிறது. இந்தச் சிற்றூரின் கதையையும் அந்தக் கால்வாயின் கதையையும் சேர்த்துச் சொல்லவே இந்தக் கட்டுரை. இரண்டு கதைகளிலும் ஒரே கேள்வி வருகிறது: ஒரு காரியத்தைச் செய்தவர் யார், பெயர் வாங்கிக்கொண்டவர் யார் என்பதே அது.

முதலில் ஊரின் பெயர். 14-ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டின் பெரும் பகுதியைச் சம்புவராயர்கள் ஆண்டார்கள். அவர்களில் ராஜநாராயண சம்புவராயன் என்ற அரசன் பெயரால் இந்தக் கடற்கரை ஊர் ராஜநாராயணன் பட்டினம் என்று வழங்கியது. பிற்காலத்தில் அது சதுரங்கப்பட்டினம் ஆயிற்று. ஒல்லாந்து தேசத்திலிருந்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். 'சதுரங்கப்பட்டினம்' என்று முழுவதும் சொல்ல அவர்கள் நாக்கு ஒத்துழைக்கவில்லை. பட்டினத்தை விட்டுவிட்டுச் சதுரங்கத்தையும் நறுக்கி, 'சத்ராஸ்' என்று ஆக்கினார்கள். இன்றும் பல தேசப்படங்களில் அப்படியே இருக்கிறது.

டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? துணிதான். ஜாதிக்காய், கிராம்பு, மிளகு ஆகிய வாசனைத் திரவியங்களுக்காக அவர்கள் கடல் தாண்டிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு வந்தவர்கள். அந்தத் தீவுகளில் இருந்தவர்களுக்கு ஐரோப்பாவின் கம்பளி எதற்கு? அவர்கள் விரும்பியது நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைத் திரவியம் வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்பது என்று மூன்று முனை வியாபாரம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் சதுரங்கப்பட்டினம் ஒரு கண்ணி. இங்கே நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்குத் தூர தேசங்களில் நல்ல பெயர்.

செங்கல்லால் கட்டிய டச்சுக் கோட்டை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே பண்டகசாலைகளின் சுவர்கள். ஒரு பக்கத்தில் சிறு கல்லறைத் தோட்டம். அந்தக் கல்லறைகளின் மேல் மூடியிருக்கும் பலகைக் கற்களைப் பார்த்தால் யாரும் சற்று நின்றுவிடுவார்கள். கொடியும் பூவும் குலச்சின்னமும், அவற்றின் நடுவே அழகான டச்சு எழுத்துக்களும், எந்தச் சிற்பி செதுக்கினானோ, அத்தனை நேர்த்தி. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே வந்து, இந்த வெயிலிலும் காய்ச்சலிலும் மாண்டுபோன வியாபாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அங்கே உறங்குகிறார்கள். இன்னார், இன்ன தேதியில் பிறந்தார், இன்ன தேதியில் இறந்தார் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது.

அந்தக் கோட்டையின் பண்டகசாலையை நிறைத்த துணியை நெய்தவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, குறித்த தேதிக்குள் துணி கொடுக்க முடியாமல் கடனில் உழன்ற நெசவாளிகள் இந்தக் கரை முழுவதும் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கால்வாய்க் கரைக்குப் போகும்போது இது வேண்டியிருக்கும்.

டச்சுக்காரர்களின் கதை முடிந்ததும் உலக விவகாரத்தால்தான். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தன. அந்தச் சண்டையில் பிரான்சு சேர்ந்தது. 1780-ன் கடைசியில் ஒல்லாந்தும் இழுத்து விடப்பட்டது. அட்லாண்டிக் கரையில் மூண்ட நெருப்பின் பொறி வங்காள விரிகுடாவுக்கும் பறந்து வந்தது. 1781-ல் இங்கிலீஷ்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ந் தேதி பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் இங்கிலீஷ் தளபதி ஹியூஸும் இந்த ஊருக்கு எதிரே கடலில் மோதினார்கள். வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. அதன் பிறகு ஊர் கை மாறிக் கை மாறி, கடைசியில் 1824-ல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1825-ல் சோழமண்டலக் கரையில் இருந்த மற்ற டச்சு இடங்களோடு இங்கிலீஷ்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஊராரை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கப்பல்கள் வருவது நின்றது. கோட்டை இடிந்தது. பட்டினம் கிராமமாயிற்று. இத்தனைக்கும் பிறகு, கடல் பக்கமிருந்து வந்த வாழ்வு போய், மேற்கே கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு சிறு வாழ்வு வந்தது.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அதன் ஓரத்திலேயே ஒரு கால்வாய் வெட்டுவானேன் என்று யாருக்கும் தோன்றும். சோழமண்டலக் கரையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இந்தக் கரையில் இயற்கையான துறைமுகம் அநேகமாக இல்லை. அலையோ ஓயாத அலை. சென்னப்பட்டினத்திலேயே கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களும் சாமான்களும் கரைக்கு வந்த காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வேறு. ஆனால் கரையை ஒட்டி உள்ளே பார்த்தால், பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளம், முட்டுக்காடு என்று வரிசையாக உப்பங்கழிகள். இவற்றை ஒன்றோடொன்று வெட்டி இணைத்துவிட்டால், கடலுக்குப் பக்கத்திலேயே அலை இல்லாத ஒரு சின்னக் கடல் கிடைத்துவிடும்! யோசனை எளிமையானது, நல்ல யோசனையுங்கூட.

அதை முதலில் காசாக்க நினைத்தவர் பேசில் காக்ரேன் என்ற துரை. கும்பினி உத்தியோகத்தில் இருந்துகொண்டே, கடற்படைக்கு உணவுப் பொருள் சப்ளை செய்து பெரும் பணம் சேர்த்தவர். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தூரம் கால்வாய் உண்டாயிற்று. ஜனங்களும் சர்க்காரும் அதைக் காக்ரேன் கால்வாய் என்றே அழைத்தார்கள். இந்தத் துரை பிறகு லண்டனுக்குத் திரும்பி, நீராவிக் குளியல் நிலையம் ஒன்று வைத்தார். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர், பாட்னாவிலிருந்து போன தீன் முகம்மது. லண்டனில் முதல் இந்தியச் சாப்பாட்டு விடுதியை 1810-ல் திறந்தாரே, அவரேதான். சென்னைக் கால்வாயிலிருந்து புறப்பட்ட பணம் எந்தெந்த வழியில் ஓடியது பாருங்கள்!

1837-ல் கால்வாயைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து, நெல்லூர்ச் சீமையைக் கடந்து, பெத்தகஞ்சாம் வரை போயிற்று. அங்கே கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்களோடு சேர்ந்துகொண்டது. தெற்கே அடையாற்றிலிருந்து கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் பாலாற்றைத் தாண்டி மரக்காணம் வரை வந்தது. இன்றைய கணக்கில் ஆந்திரத்தில் 257 கிலோ மீட்டர், தமிழ்நாட்டில் 163 கிலோ மீட்டர், ஆக 420 கிலோ மீட்டர். மரக்காணத்தில் படகேறினால், கடல் அலையைத் தொடாமலே காக்கிநாடா வரை போகலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இந்தக் கால்வாய் உப்புத் தண்ணீர்க் கால்வாய். பயிருக்குப் பிரயோசனமில்லை. படகு விடுவதற்கென்றே பிறந்தது. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில்தான் சங்கடம். வெயில் காலத்தில் ஆற்று முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்ளும். மழைக் காலத்தில் உடைத்துக்கொண்டு வெள்ளம் கடலுக்கு ஓடும். நீர்மட்டம் நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். அதற்காகக் கருங்கல் சுவர் கட்டி, முன்னும் பின்னும் கதவு வைத்து, படகை நடுவில் நிறுத்தித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ சமமாக்கி விடும் அமைப்பைக் கட்டினார்கள். இங்கிலீஷில் அதற்கு லாக் என்று பெயர். சென்னையில் கால்வாய் ஓரத்தில் 'லாக் நகர்' என்ற ஒரு குடியிருப்பின் பெயர் கேட்டிருப்பீர்கள். பூட்டுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை; படகுகள் காத்து நின்ற கதவைத்தான் அது நினைவூட்டுகிறது. அதே போலப் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரும். கால்வாய்ப் படகுகள் கூடி நின்ற நீர்த்தேக்கத்தின் பெயர், இன்று ரயில்கள் தாமதமாக நிற்கும் இடத்தின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

ஒரு படகைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சவுக்கு விறகு ஏற்றியாகிவிட்டது. படகின் விளிம்பு தண்ணீரைத் தொடுகிறது. காற்று இருந்தால் பாய் விரிக்கலாம். இன்றைக்குக் காற்று இல்லை. இரண்டு பேர் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு குனிந்து இழுக்கிறார்கள். ஒருவன் படகின் ஓரத்தில் நீண்ட கோலை ஊன்றி, முனையிலிருந்து பின்பக்கம் வரை நடந்து தள்ளுகிறான். கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். "பட்டணத்திலேயிருந்து வரும்போது மறக்காதே, மாமா!" என்று எதையோ நினைவுபடுத்துகிறாள். "மறந்தா உங்க அத்தை சோறு போடுவாளா?" என்கிறது படகு. இரவில் படகிலேயே உலை கொதிக்கிறது. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ கால்வாய்க் கரை விறகுத் தொட்டியில் அந்தச் சவுக்கு இறங்கும். மறுநாள் ஏதோ ஒரு வீட்டில் காப்பிக்குத் தண்ணீர் காயும்.

விறகு, உப்பு, நெல், மிளகாய், கருவாடு, கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று பட்டணத்துக்கு வேண்டியவையெல்லாம் இப்படித்தான் வந்தன. சென்னையில் சுவர்களும் அடுப்புகளும் இந்தக் கால்வாயை நம்பி இருந்தன. சாமான் மட்டுமல்ல, மனிதர்களும் பிரயாணம் செய்தார்கள். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைத் தம் பாட்டில் வைத்திருக்கிறார். சந்தோஷமாகப் போன படகில், கரையில் கயிறு இழுத்தவர்களின் பாடும் அவர் கண்ணில் பட்டது. கவிஞர் கண் அல்லவா!

இனி, இந்தக் கால்வாய்க்கு இப்போதுள்ள பெயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அது மகிழ்ச்சியான கதை அல்ல.

நம் பாட்டனார்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லுவார்கள். 1876-ல் மழை பொய்த்தது. மறுவருஷமும் சரியில்லை. 1878 வரை சென்னை மாகாணத்தை அந்தப் பஞ்சம் வாட்டியது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பு. தானியம் முற்றிலும் இல்லாமல் போய்விட்டதா என்றால், அப்படியும் இல்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலையாகக் குவிந்து கிடந்தன. வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள்தான் செத்தார்கள். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878-ல் இரண்டு தொகுதிகள் எழுதி வெளியிட்டார். தமிழில் முதல் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறின.

அப்போது சென்னைக் கவர்னர், பக்கிங்காம் அண்டு சாண்டோஸ் பிரபு. முழுப் பெயர் ரிச்சர்ட் பிளான்டாஜெனட் காம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஒரு மனிதருக்கு ஐந்து குடும்பப் பெயர்! கல்கத்தாவில் வைசிராயாக லிட்டன் பிரபு. 1877 ஜனவரி முதல் தேதி, மாகாணம் பட்டினியில் இருக்கும்போது, லிட்டன் தில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று முழங்கினார். சென்னை சர்க்கார் நிவாரணத்துக்குப் பணத்தை அள்ளி இறைக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். செலவைக் குறைக்க ஒருவரை அனுப்பினார். அவர் பெயர் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். கவர்னர் பெயரிலும் ரிச்சர்ட், டெம்பிள் இரண்டும் உண்டு என்பது தவிர, இருவருக்கும் ஒற்றுமை கிடையாது.

டெம்பிளின் கதை விசித்திரமானது. 1874-ல் வங்காளத்தில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி வரவழைத்து, அநேகமாக யாரும் சாகாமல் காப்பாற்றியவர் அவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற வசவு. அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டுமென்று சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டும் ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒன்றரை ராத்தல் தானியத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்ததை, ஒரு ராத்தலுக்கும் அதன் மேல் ஓர் அணாவுக்குமாகக் குறைத்தார். பெண்களுக்கு இன்னும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் நாள் முழுவதும் மண் சுமக்க வேண்டும். பல இடங்களில் ஜனங்கள் கூடையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். இந்தக் கூலியில் உடல் தாங்காது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் ஓயாமல் எழுதினார். கவர்னரும் அவர் பக்கம் நின்றார். சில மாதங்களில் கூலியைச் சற்று உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு வேலை ஆரம்பமாயிற்று. வடக்கே இருந்த கால்வாய் கூவம் வரை. தெற்கே இருந்தது அடையாற்றிலிருந்து. நடுவில் ஐந்து மைல் இடைவெளி. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாக அந்த ஐந்து மைலையும் வெட்டி இரண்டையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் 1877, 1878-ம் ஆண்டுகளில் அதை வெட்டி முடித்தார்கள். 30 லட்சம் ரூபாய் செலவு என்பது கணக்கு. வேலை முடிந்ததும், முழுக் கால்வாய்க்குமே கவர்னர் பெயரை வைத்தார்கள். காக்ரேன் போனார், பக்கிங்காம் வந்தார்.

கவர்னரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. லிட்டனோடும் டெம்பிளோடும் ஒப்பிட்டால் அவர் இரக்கமுள்ளவர். குறைந்த பட்சம் அரைப் பட்டினிக் கூலியை எதிர்த்து வாதாடினார். ஆனால் கால்வாயை வெட்டியது அவர் கை அல்ல. வெட்டிய கைகளின் கணக்கு சர்க்கார் ஏட்டில் தலை எண்ணிக்கையாக மட்டும் ஏறியது. செங்கற்பட்டிலிருந்து வந்தவர் எத்தனை பேர், வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர் எத்தனை பேர், மண் கூடையோடு சரிந்து விழுந்தவர் எத்தனை பேர் என்று எந்தக் கல்லும் சொல்லாது. சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைத் தோட்டத்தில், சாதாரண வியாபாரிக்கும் பூ வேலை செய்த கல் இருக்கிறது. தாது வருஷத்தில் செத்தவர்களுக்கு இருக்கும் ஒரே ஞாபகச் சின்னம் அந்த ஐந்து மைல் பள்ளம்.

அந்தப் பள்ளத்தை நாம் என்ன செய்தோம்?

நான் குடியிருக்கும் பட்டாபிராமுக்கு இந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பஞ்ச காலத்தில் கடற்கரையில் குவிந்த அரிசி மூட்டைகள் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் உள்நாட்டுக்குப் போயின. அந்நாளில் எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்டது. அதற்கென்று கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் வளர்த்தார்கள். கால்வாய்ச் சீமையின் சவுக்கு, ரயிலுக்குத் தீனியாயிற்று. தீனி தின்று வளர்ந்த ரயில், பிற்பாடு கால்வாயின் வியாபாரத்தையே தின்றது. ரயில் விட்டு வைத்ததை லாரி எடுத்துக்கொண்டது. 1965, 66-ம் ஆண்டுப் புயல்களிலும் 1976-ம் ஆண்டுப் புயலிலும் கால்வாய் தூர்ந்தும் உடைந்தும் போயிற்று. அதைப் பழையபடி சீர்ப்படுத்த யாருக்கும் அக்கறை இல்லை. படகுகள் ஒன்றொன்றாகக் கரையேறின.

எங்கள் பட்டாபிராம் பக்கத்தில் இப்போது வேறொரு கால்வாய் இருக்கிறது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இணைப்புக் கால்வாய். ஜனங்கள் கிருஷ்ணா கால்வாய் என்பார்கள். 1983-ல் ஆந்திரமும் தமிழ்நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலனாக, கிருஷ்ணா நதியின் தண்ணீர் 1996-ல் முதன்முதலாகத் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்தது. பழைய கால்வாய் நெல்லூர்ச் சீமையிலிருந்து சென்னைக்கு விறகு கொண்டுவந்தது. புதிய கால்வாய் அதே திசையிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவருகிறது. சென்னைப் பட்டணத்தின் வாய் எப்போதும் வடக்கே பார்த்துத்தான் திறந்திருக்கிறது போலும்! ஆனால் ஒரு வித்தியாசம். பழைய கால்வாய்க்குத் துறைகள் உண்டு. படகுக்காரன் கரையிலிருப்பவளோடு பேசிக்கொண்டு போவான். புதியதில் படகு இல்லை, துறை இல்லை. சரிந்த சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே தண்ணீர் யாரையும் ஏறெடுத்துப் பாராமல் போகிறது. கால் தவறினால் ஏறுவதும் கஷ்டம். வழியில் இருக்கும் ஊர்களுக்கு அது வேடிக்கை. பட்டணத்துக்கு அது தாகசாந்தி.

பட்டணம் பழைய கால்வாய்க்குச் செய்த கைம்மாறைக் கேளுங்கள். முதலில் சாக்கடையை விட்டது. பிறகு பறக்கும் ரயில் வேண்டுமென்றது. நிலம் வாங்கினால் செலவு, கால்வாய் என்றால் கேட்பாரில்லை. எனவே தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 1995-ல் சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் ரயில் ஓடிற்று. தூண்கள் நிற்பதில் பெரும் பங்கு எந்தப் பகுதி தெரியுமா? கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, தாது வருஷத்தில் பட்டினி கிடந்தவர்கள் வெட்டினார்களே, அதே ஐந்து மைல். அரைச் சாண் வயிற்றுக்காக ஒரு கூடை ஒரு கூடையாக எடுத்த மண், நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு காங்கிரீட்டாகத் திரும்பி வந்து அந்தப் பள்ளத்தில் விழுந்தது. ரயிலால் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சௌகரியம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மழைக் காலத்தில் வெள்ளம் போக வழியின்றித் தெருக்களுக்கு வரும்போது, கால்வாயைச் சபிக்கிறோம். அது நியாயமில்லை.

இத்தனை அவமானத்துக்குப் பிறகும் அந்தக் கால்வாய் ஒரு உபகாரம் செய்தது. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் பொங்கி வந்தபோது, சதுரங்கப்பட்டினக் கரையையும் கல்பாக்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. பல உயிர்கள் போயின. ஆனால் பெத்தகஞ்சாம் முதல் சென்னை வரை பல இடங்களில், பேரலையின் தண்ணீர் கால்வாயில் விழுந்து, நிரம்பி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வந்த வழியே கடலுக்குத் திரும்பியது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கால்வாய்க்கு மேற்கே இருந்த பல ஊர்கள் பிழைத்தன. படகு விட வெட்டியது, உயிர் காத்தது. 2008-ல் மத்திய சர்க்கார் இதைத் தேசிய நீர்வழிகளில் நான்காவது என்று அறிவித்தது. பட்டம் கிடைத்துவிட்டது, பழைய நாள் போலப் படகு வரிசை மட்டும் திரும்பவில்லை.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்க்க இன்று ஒரு சிலர் போகிறார்கள். கல்லறைக் கற்களின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். தவறில்லை, பார்க்கத் தகுந்த கற்கள். நீங்கள் போனால், அவற்றைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடாதீர்கள். மேற்கே திரும்பிக் கால்வாய்க் கரைக்கும் போய் வாருங்கள். அங்கே பலகை கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. உப்புத் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கும். நாரை நிற்கும். வலை வீசிக்கொண்டு ஒருவர் இருக்கலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால், "இதை வெட்டியது யார்?" என்று கேட்பார்கள். பக்கிங்காம் பிரபு என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். தாது வருஷத்தின் கதையைச் சொல்லுங்கள்.